கடல் மீனுக்கு முதல்ல மருந்தா, சாப்பாடா?

2003-ல வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தை நம்மில் பலரும் சின்ன வயசுலயே பார்த்திருப்போம். அதுல வர்ற நீலக்கலர் டோரி ஞாபகம் இருக்கா? அந்த மீனோட பேர் ப்ளூ டேங்க். உப்புத்தண்ணி மீன் தொட்டி வைக்கிறவங்க ரொம்ப ஆசைப்பட்டு வாங்குற மீன் இது. சீக்கிரம் நோய்ல விழுற மீனும் இதுதான்.

நீமோ வகை மீன்களைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைக்க முடியும். டோரி அப்படி இல்ல. 2016-லதான் புளோரிடா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதை முதல்முறையா முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டினாங்க. கடைக்கு வர்ற டோரி பெரும்பாலும் பவளப்பாறையில பிடிச்சதுதான். நம்ம தொட்டியில ஒண்ணு செத்து இன்னொண்ணு வாங்கினா, கடல்ல ஒண்ணு குறையுதுன்னு அர்த்தம்.

மீனுக்கு நோய் வந்ததும் எல்லாரும் மருந்து பாட்டிலைத்தான் தேடுறோம். அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது சாப்பாட்டு டப்பாவை. ஏன்னு பார்க்கலாம் வாங்க.

தண்ணிக்குள்ளேயே தாகம்

ப்ளஸ் டூவில படிச்ச ஆஸ்மோசிஸை நினைச்சுக்கோங்க. ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. மீனோட உடம்புத் திரவத்துல இருக்கிறது அதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான். அதனால மீனோட உடம்புல இருந்து தண்ணி வெளியே போய்க்கிட்டே இருக்கும். இதை ஈடுகட்ட மீன் கடல் தண்ணியைக் குடிக்குது. கூடவே உள்ளே வந்த உப்பை செவுள்ல இருக்கிற தனி செல்கள் பம்ப் மாதிரி வெளியே தள்ளுது.

இந்த பம்ப் 24 மணி நேரமும் ஓடணும். அதுக்கான எனர்ஜி சாப்பாட்டுல இருந்துதான் வரணும். சரியா சாப்பிடாத மீனுக்கு இந்த அடிப்படை வேலையே பெரிய சுமை. நோயை எதிர்க்க மிச்சம் எங்கே இருக்கும்?

வெள்ளைப் புள்ளி நோய்

டோரியை அதிகம் தாக்குறது கிரிப்டோகேரியான்ங்கிற ஒரு செல் ஒட்டுண்ணி. தோல்லயும் செவுள்லயும் துளைச்சு உட்காரும். பார்க்க உப்பைத் தூவின மாதிரி இருக்கும். தோல்ல ஓட்டை விழுந்தா தண்ணி இழப்பு இன்னும் கூடும். செவுள் கெட்டா மூச்சும் பம்ப்பும் சேர்ந்து அடிவாங்கும்.

மீன் மேல 3 முதல் 7 நாள் இருந்துட்டு, கீழே விழுந்து மணல்ல கூடு கட்டிக்கும். புள்ளி மறைஞ்சதும் "குணமாயிடுச்சு"ன்னு நாம சந்தோஷப்படுவோம். ஆனா அந்தக் கூடு உடைஞ்சு நூற்றுக்கணக்கில குட்டிகள் மறுபடி மீனைத் தேடி வரும். கூட்டுக்குள்ள இருக்கும்போது மருந்து பெருசா வேலை செய்யாது.

இதுக்குச் சாப்பாடு மட்டும் மருந்தாகாது. தனித் தொட்டியில வெச்சு தாமிர மருந்து மாதிரி முறையான சிகிச்சை வேணும். பவளமோ இறாலோ இருக்கிற தொட்டியில தாமிரத்தை ஊத்தக் கூடாது, அதுங்க செத்துடும். பூண்டுல ஊறவெச்ச தீனி ஒட்டுண்ணியைக் கொல்லும்னு சொல்வாங்க, அதுக்கு நம்பகமான ஆதாரம் கிடையாது. ஆனா ஒரு முறை தாக்குப்பிடிச்ச மீனுக்குச் சில மாதங்களுக்கு ஓரளவு எதிர்ப்பு சக்தி வருது. அதைக் கட்டுறதுக்கான செங்கல் எல்லாம் சாப்பாட்டுல இருந்துதான் வருது.

சாப்பாட்டுல எங்கே தப்பு நடக்குது?

*வைட்டமின் சி:* நம்மள மாதிரியே பெரும்பாலான மீன்களாலயும் இதை உடம்புல தயாரிக்க முடியாது. குறைஞ்சா புண் ஆறாது, வளர்ற மீனுக்கு முதுகெலும்பு கோணலாகும். டப்பாவைத் திறந்து வெச்சா காத்துலயும் சூட்டுலயும் இந்த வைட்டமின் சீக்கிரம் அழிஞ்சிடும். பெரிய டப்பா வாங்கினா லாபம்னு ஒரு வருஷம் ஓட்டினா, கடைசி ஆறு மாசம் மீன் சாப்பிடுறது வெறும் சக்கை.

*கொழுப்பு:* கடல் மீன்களுக்கு டி.எச்.ஏ., இ.பி.ஏ. ஆகிய ஒமேகா-3 கொழுப்புகள் கட்டாயம் வேணும். தேவையான அளவுக்கு அதுங்களால தயாரிச்சுக்க முடியாது. எல்லாரும் போடுற ஆர்ட்டீமியாவுல டி.எச்.ஏ. ரொம்பக் குறைவு. அதனாலதான் பண்ணைகள்ல ஆர்ட்டீமியாவுக்கே முதல்ல சத்து ஊட்டி, அப்புறம் மீனுக்குப் போடுறாங்க.

*தப்பான இரை:* லயன்ஃபிஷ் வளர்க்கிறவங்க சிலர் உயிரோட கோல்ட்ஃபிஷ் போடுவாங்க. கோல்ட்ஃபிஷ்ல தயாமினேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. அது வைட்டமின் பி1-ஐ உடைச்சிடும். வயிறு நிறையும், ஆனா மாசக்கணக்கில இதையே தின்னா நரம்பு பாதிக்கும்.

*தலைப்பகுதி அரிப்பு:* டோரியோட முகத்துலயும் பக்கவாட்டுக் கோட்டுலயும் குழி குழியா அரிச்சு, நிறம் வெளுத்துப் போகும். சத்துக் குறைவு இதுக்கு ஒரு காரணம்னு ரொம்ப நாளா சொல்றாங்க. ஃபில்டர்ல போடுற ஒரு வகை ஆக்டிவேட்டட் கார்பனும் இதை உண்டாக்கும்னு 2011-ல வந்த ஒரு ஆய்வு காட்டுச்சு. ஆக, இந்த அரிப்பைப் பார்த்தா சாப்பாடு, கார்பன் ரெண்டையும் மாத்திப் பாருங்க.

அப்போ அள்ளிப் போடலாமா?

கூடவே கூடாது! ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1 கிராம் உலர் தீனியில 45% புரதம்னு வெச்சுக்கோங்க. புரதத்துல சுமார் 16% நைட்ரஜன். அப்போ 0.45 × 0.16 = 0.072 கிராம், அதாவது 72 மில்லிகிராம் நைட்ரஜன். மீன் தின்னாம அது முழுக்க அழுகி அம்மோனியா ஆனா, 100 லிட்டர் தொட்டியில லிட்டருக்கு 0.72 மில்லிகிராம். இருக்க வேண்டிய அளவு பூஜ்யம்!

கடல் தண்ணியோட பி.எச். 8.2 பக்கம் இருக்கும். பி.எச். 7.2-லிருந்து 8.2-க்கு ஏறினா, அம்மோனியாவோட விஷ வடிவம் கிட்டத்தட்ட 10 மடங்கு ஆகும். அது செவுளைத்தான் முதல்ல சுடும். நல்ல தீனியே அளவு மீறினா நோய்க்கு வழி திறந்து விட்டுடும்.

என்ன செய்யலாம்?

- டோரி கடல்ல மிதவை உயிரிகளையும் பாசியையும் தின்னுற மீன். தினமும் எண்ணெய், மசாலா இல்லாத நோரி பாசித் தாளை ஒரு கிளிப்புல மாட்டி விடுங்க.
- கூடவே உறைய வெச்ச மைசிஸ் இறால், தரமான உருண்டைத் தீனின்னு மாத்தி மாத்திக் கொடுங்க.
- ஒரே நேரத்துல கொட்டாம, ரெண்டு மூணு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவா 2, 3 வேளை போடுங்க. மிச்சத்தை எடுத்துடுங்க.
- சின்ன டப்பாவா வாங்கி, மூடி ஃப்ரிட்ஜ்ல வையுங்க. திறந்த தேதியை மேல எழுதுங்க.
- புது மீனை நேரா மெயின் தொட்டியில விடாம, சில வாரம் தனியா வெச்சு நல்லா சாப்பிடுதான்னு பாருங்க.
- கடையில வாங்கும்போதே "ஒரு தடவை தீனி போடுங்க, பார்க்கிறேன்"னு கேளுங்க. தின்னாத மீனை எவ்வளவு குறைச்ச விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீங்க.

புள்ளியோ புண்ணோ வர்றதுக்கு முன்னாடியே மீன் சாப்பாட்டைக் குறைச்சிடும். தினமும் தீனி போடுற அந்த ரெண்டு நிமிஷம் மொபைலைப் பார்க்காம மீனைப் பாருங்க. யார் முதல்ல வர்றா, யார் ஒதுங்கி நிக்கிறான்னு கவனிச்சாலே பாதி நோயை ஆரம்பத்துலயே பிடிச்சிடலாம்.