போனில் பளிச்... பேப்பரில் மங்கல்! வீட்டிலேயே போட்டோ பிரின்ட் எடுக்க ‘ஷார்ப்பனிங்’ எவ்வளவு வைக்கணும்?

பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஹாலில் மாட்ட ஒரு படம் வேணும். தனியாக எடுத்த நல்ல போட்டோ ஒன்றுகூட இல்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில்தான் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். கிராப் செய்து போனில் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் போட்டால் முகத்தில் லேசாகப் புகை படிந்த மாதிரி வருகிறது. சரி என்று எடிட்டிங் ஆப்பில் ‘ஷார்ப்பன்’ ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளினால், அடுத்த பிரின்ட்டில் பாட்டிக்குப் பத்து வயது கூடிவிடுகிறது. சுருக்கமெல்லாம் பேனாவில் கோடு போட்ட மாதிரி. நரைமுடியைச் சுற்றி ஒரு வெள்ளை விளிம்பு.

பல வீடுகளில் நடக்கிற விஷயம்தான் இது. பெரும்பாலும் பிரின்டர் மீது தப்பு இருக்காது. ஷார்ப்பனிங்கைத் திரையைப் பார்த்து முடிவு செய்வதுதான் சிக்கல். என்ன அளவில், எந்தப் பேப்பரில் பிரின்ட் எடுக்கப் போகிறோம் என்பதை வைத்துத்தான் அதை முடிவு செய்யணும்.

பேப்பரில் ஏன் மங்குகிறது?

திரை தானே ஒளி வீசுகிறது. போனில் படம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கித் தெரிவதால் சின்னச் சின்ன மங்கல் கண்ணில் படாது. பேப்பர் அப்படி இல்லை. பிரின்டர் நுண்ணிய மைத்துளிகளாகத் தெளிக்கிறது. துளி பேப்பரில் விழுந்ததும் கொஞ்சம் பரவும். கிளாஸி பேப்பரில் மேல்பூச்சு மையைப் பிடித்து நிறுத்துவதால் பரவல் குறைவு. மேட் பேப்பரில் அதைவிட அதிகம், சாதாரண ஏ4 தாளில் இன்னும் அதிகம். மை பரவினால் படத்தின் விளிம்புகள் மெத்தென்று ஆகிவிடும்.

இந்த இழப்பை முன்கூட்டியே ஈடுகட்டுவதுதான் பிரின்ட்டுக்கான ஷார்ப்பனிங். டிஜிட்டல் இமேஜிங் பற்றி எழுதிய புரூஸ் ஃப்ரேசர் ஷார்ப்பனிங்கை மூன்று கட்டமாகப் பிரித்தார்: படம் எடுத்ததும் செய்வது, ரசனைக்காகச் செய்வது, கடைசியாக அச்சுக்கோ திரைக்கோ ஏற்றபடி செய்வது. முதல் கட்டத்தைப் போன் கேமரா தானாகவே செய்துவிடுகிறது. நாம் கவனிக்க வேண்டியது கடைசிக் கட்டத்தைத்தான்.

ஸ்லைடரைத் தள்ளினால் என்ன நடக்கிறது?

ஷார்ப்பனிங் படத்தில் இல்லாத விவரம் எதையும் கொண்டுவராது. கருப்பும் வெளுப்பும் சந்திக்கிற விளிம்பில், இருண்ட பக்கத்தை இன்னும் இருட்டாக்கும், வெளிச்சமான பக்கத்தை இன்னும் வெளுப்பாக்கும். அந்த வித்தியாசத்தைக் கண் ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்கிறது. அளவு மீறினால் அதே வித்தியாசம் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டமாகத் தெரியும்.

பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கு ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற கருவி இருக்கும். இருட்டறையில் பிலிம் கழுவிய காலத்துப் பெயர் அது. நெகட்டிவின் மங்கலான நகல் ஒன்றை உருவாக்கி, அதையே நெகட்டிவ் மேல் வைத்து அச்சிட்டு விளிம்புகளைத் தெளிவாக்குவார்கள். மென்பொருளும் அதே மாதிரி படத்தின் மங்கலான நகலோடு அசலை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது. அதில் மூன்று எண்கள் இருக்கும்:

• அமவுன்ட்: விளிம்பில் எவ்வளவு அழுத்தம் கொடுப்பது.

• ரேடியஸ்: அந்த அழுத்தம் எத்தனை பிக்ஸல் அகலத்துக்குப் பரவுவது.

• த்ரெஷோல்ட்: எவ்வளவு வித்தியாசம் இருந்தால் அதை ‘விளிம்பு’ என்று எடுத்துக்கொள்வது. இதைக் கூட்டினால் கன்னம், நெற்றி போன்ற இடங்கள் தொடப்படாமல் தப்பிக்கும்.

முதலில் அளவு, கடைசியில்தான் ஷார்ப்பனிங்

ஷார்ப்பனிங் செய்த பிறகு படத்தின் அளவை மாற்றினால் செய்த வேலை வீண். அதனால் முதலில் கிராப், அடுத்து கலர், வெளிச்சம், பிறகு பிரின்ட் அளவு. ஷார்ப்பனிங் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்ஸல் என்பதுதான் பிபிஐ. கையில் வைத்துப் பார்க்கிற போட்டோவுக்கு 300 பிபிஐ நல்ல இலக்கு. 4×6 அங்குலப் படத்துக்கு 1,200×1,800 பிக்ஸல் போதும். ஏ4-க்குச் சுமார் 2,480×3,508 வேணும். 12 மெகாபிக்ஸல் போன் படம் பொதுவாக 4,032×3,024 பிக்ஸல் இருக்கும். முழுப் படத்தையும் ஏ4-இல் எடுக்கத் தாராளமாகப் போதும்.

கிராப் செய்தால் கணக்கு மாறிவிடும். குரூப் போட்டோவில் பாட்டி இருக்கும் பகுதி 900×1,200 பிக்ஸல்தான் என்று வைத்துக்கொள்வோம். 4×6-இல் சுமார் 200 பிபிஐ கிடைக்கும், அது ஓகே. ஏ4-இல் 100 பிபிஐதான் தேறும். அந்த மங்கலை எந்த ஷார்ப்பனிங்கும் சரி செய்யாது. படத்தைச் சின்னதாக எடுத்து, சுற்றிலும் வெள்ளை மார்ஜின் விட்டு ஃபிரேம் போடுவதுதான் நல்லது.

வாட்ஸ்அப்பில் வந்த படமா? அது சுருக்கப்பட்டிருக்கும். எடுத்தவரிடம் கேட்டு ஒரிஜினலை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்வது, எந்த ஸ்லைடரையும்விட அதிகம் உதவும்.

சரி, என்ன எண் வைக்கலாம்?

ரேடியஸுக்கு ஃப்ரேசர் சொன்ன எளிய கணக்கு ஒன்று உண்டு: பிபிஐ-யை 200-ஆல் வகுக்கணும். 300 பிபிஐ என்றால் 1.5. 200 பிபிஐ என்றால் 1.

மற்ற இரண்டுக்கும் ஆரம்பப்புள்ளியாக இவற்றை வைத்துக்கொள்ளலாம்:

• கிளாஸி பேப்பர்: அமவுன்ட் 80 முதல் 100%, த்ரெஷோல்ட் 2 அல்லது 3.

• மேட் பேப்பர்: அமவுன்ட் 120 முதல் 150%, த்ரெஷோல்ட் அதேதான்.

• முகம் பெரிதாகத் தெரியும் படம்: அமவுன்ட்டைக் கொஞ்சம் குறைத்து, த்ரெஷோல்ட்டை 5 முதல் 8 வரை ஏற்றலாம்.

இவை ஃபோட்டோஷாப் அளவுகள். இலவசமான ஜிம்ப் மென்பொருளில் அமவுன்ட் 1.0 என்பது ஏறக்குறைய 100%. லைட்ரூமில் இந்தக் கணக்கே வேண்டாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது கிளாஸியா மேட்டா என்று சொல்லி, லோ, ஸ்டாண்டர்ட், ஹை என்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். போனிலேயே முடிக்க ஸ்னாப்சீட் ஆப்பின் ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் ஷார்ப்பனிங் இருக்கிறது. பக்கத்திலேயே உள்ள ‘ஸ்ட்ரக்சர்’ஐ முகங்களுக்குத் தொடாமல் இருப்பது நல்லது. சுருக்கங்களைத் தூக்கிக் காட்டுவது பெரும்பாலும் அதுதான்.

திரையில் ‘ஓவர்’ஆகத் தெரிகிறதே?

பயப்பட வேண்டாம். சாதாரண லேப்டாப் திரையில் ஓர் அங்குலத்துக்கு நூறு, நூற்றைம்பது பிக்ஸல்தான் இருக்கும். 300 பிபிஐ படத்தை 100% ஜூமில் பார்த்தால், பேப்பரில் வரப்போவதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். அங்கே கொஞ்சம் கரடுமுரடாகத் தெரிவது பேப்பரில் சரியாக வந்துவிடும். 50% ஜூமிலும் ஒளிவட்டம் துருத்திக்கொண்டு தெரிந்தால்தான் குறைக்கணும்.

ஒரே ஒரு டெஸ்ட் பிரின்ட்

மையும் பேப்பரும் விலை அதிகம். முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம். பிரின்ட் அளவுக்கு மாற்றிய படத்திலிருந்து கண்ணும் முடியும் வரும் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். மூன்று நகல் எடுத்து அமவுன்ட்டை 60, 100, 140 என்று வைத்து, அளவு மாறாமல் மூன்றையும் ஒரே 4×6 தாளில் வரிசையாக அச்சிடுங்கள். காய்ந்ததும் பகல் வெளிச்சத்தில், வழக்கமாகப் பார்க்கும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். எது நல்லாருக்கோ அந்த எண்ணைப் பேப்பரின் பெயரோடு குறித்து வைத்தால், அடுத்த முறை வேலை மிச்சம்.

அதற்கு முன் பிரின்டர் செட்டிங்கில் இரண்டைச் சரிபார்க்கணும். பேப்பர் வகை, உள்ளே வைத்திருக்கும் பேப்பரோடு பொருந்தணும். ‘போட்டோவை மேம்படுத்து’ என்பது மாதிரியான தானியங்கி வசதி ஏதாவது ஆனில் இருந்தால் ஆஃப் செய்யணும். இல்லாவிட்டால் நாம் செய்த திருத்தத்தின் மேல் பிரின்டரும் தன் பங்குக்கு ஒன்று செய்யும்.

ஷார்ப்பனிங்கால் முடியாதது

கை நடுங்கியோ ஃபோகஸ் தவறியோ எடுத்த படத்தை இது காப்பாற்றாது. அதற்குத்தான் ஏஐ ஆப்கள் இருக்கே என்று தோன்றலாம். அவை விவரத்தை மீட்பதில்லை, ஊகித்து வரைகின்றன. செடி, கட்டடம் என்றால் பரவாயில்லை. பாட்டியின் கண்ணையும் உதட்டையும் ஊகித்து வரைந்தால், படம் தெளிவாக இருக்கும், ஆனால் சுவரில் இருப்பது வேறு யாரோ மாதிரி தெரியும். பயன்படுத்தினால் ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும் காட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஷார்ப்பனிங் செய்து ‘சேவ்’ கொடுத்த பிறகு பழைய படத்தைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். எப்போதும் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள், ஒரிஜினலை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பிரின்ட் தவறினால் போவது ஒரு தாளும் கொஞ்சம் மையும்தான். ஒரிஜினல் போனால், படத்தில் இருப்பவரை மறுபடி உட்கார வைத்து எடுக்க முடியாது.