விலையில்லாப் பாடநூல்

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்பது உழைத்துக்கொண்டே படிப்போர் நாடும் ஈராண்டுக் கல்லூரி. கட்டணம் செலுத்திய பின்னும் பாடநூல் வாங்கப் பணமின்றித் தவிப்போர் அங்கே பலர். நூலின்றிக் கற்பது ஏரின்றி உழுவது போலன்றோ?

2012-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ், இணையத்தில் இலவசப் பாடநூல்களை வெளியிடத் தொடங்கியது. 2013-இல் வர்ஜீனியாவின் டைட்வாட்டர் சமுதாயக் கல்லூரி, ஒரு பாடநூலும் விலைக்கு வாங்காமலே வணிக நிருவாகத்தில் பட்டம் பெற வழி வகுத்தது. திறந்த உரிமம் பெற்ற நூலாதலின், ஆசிரியர் அதைத் தம் மாணவர்க்கேற்பத் திருத்தியும் அமைக்கலாம். முதல் நாளிலேயே அனைவரும் படிக்கத் தொடங்கலாம்.

எனினும், கணினியும் இணைப்பும் இல்லாதவர்க்கு இலவச நூலும் எட்டாக்கனியே. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது பல கல்லூரிகள் மடிக்கணினிகளை இரவல் தந்தன. நூலை இரவல் தரும் நூலகம் கருவியையும் தருவதன்றோ முறை!