கடிச்சது வலிக்கவே இல்லை... ஆனாலும் உயிருக்கு ஆபத்து! பாம்பு விஷம் உடலுக்குள் என்ன செய்கிறது?

மழை பிடித்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் வெள்ளத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும். அதுதான் பாம்பு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என நீர்நிலைகளை ஒட்டியே குடியிருப்புகள் வளர்ந்த பகுதி இது. வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் பாம்பு மேடு தேடி வரும். வருவதில் சாரை, தண்ணீர்ப்பாம்பு போன்ற விஷமில்லாதவையும் உண்டு.

கவனிக்க வேண்டியவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

விஷம் என்றால் என்ன?

பல புரதங்களின் கலவைதான் பாம்பு விஷம். எலி, தவளை போன்ற இரையை முடக்குவதுதான் அதன் வேலை. ஆனால் எல்லா விஷமும் ஒரே இடத்தைத் தாக்குவதில்லை.

நரம்பைத் தாக்கும் விஷம்

கையை அசைக்க வேண்டுமென்றால், நரம்பு முனை ஒரு ரசாயனத்தை அனுப்பித் தசைக்குத் தகவல் சொல்லும். அந்த ரசாயனம் வந்து சேரும் இடத்தை நல்ல பாம்பின் விஷம் அடைத்துக்கொள்ளும். தகவல் போகும், ஆனால் தசைக்குச் சேராது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் இருக்கும்.

கட்டுவிரியன் இன்னும் மோசம். அதன் விஷம் நரம்பு முனையையே சிதைத்துவிடும். இரவில், தரையில் தூங்குபவர்களைத்தான் இது அதிகம் கடிக்கும். பல் சின்னது. பல நேரம் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. "ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்"னு திரும்பப் படுத்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் வயிற்று வலி, கண் இமை சரிவு, பேச்சுக் குழறல், கடைசியில் மூச்சுத் திணறல்.

ரத்தத்தைத் தாக்கும் விஷம்

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைத் தாறுமாறாகத் தூண்டிவிடும். அவை உடலுக்குள்ளேயே வீணாகச் செலவாகித் தீர்ந்துபோகும். பிறகு ஈறு, சிறுநீர், மூளை என எங்கு வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம். கண்ணாடி விரியன் கடித்தால் சிறுநீரகமும் செயலிழக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், 1978-ல் தொடங்கப்பட்டது. இந்த நான்கு பாம்புகளின் விஷத்தையும் எடுத்து மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறது. விஷத்தைச் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்துவார்கள். அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள்தான் மருந்து. நான்கு பாம்புக்கும் ஒரே மருந்து என்பதால், கடித்த பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை, அதனால் குழந்தைக்கும் பெரியவர் அளவு மருந்துதான்.

ஆனால் ஒரு விஷயம். ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் இந்த மருந்து பிடிக்கும். ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனையைச் சரிசெய்யாது. அது மீளும்வரை வென்டிலேட்டர் தேவைப்படலாம். அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

கடித்தால் என்ன செய்யணும்?

* 108-க்கு அழையுங்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள்.
* கடிபட்ட கை, காலை அசைக்காமல் வையுங்கள். நடக்க விடாதீர்கள்.
* இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது வேண்டாம். மந்திரம், பச்சிலை என்று நேரத்தைத் தொலைக்கவும் வேண்டாம்.
* வலி இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 24 மணி நேரமாவது கண்காணிப்பில் இருப்பது அவசியம்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

மழைக்காலத்தில் கட்டிலில், கொசுவலைக்குள் படுங்கள். இரவில் வெளியே போனால் டார்ச் எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்கப் போகாமல் தள்ளி நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள்.