கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்கள்: வணிகச் சட்டத் துறைக்குள் மாணவர்கள் நுழைவது எப்படி?

“லா படிச்சா கோர்ட்டுக்குத்தானே போகணும்?” சட்டக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளிடம் வீட்டிலும் ஊரிலும் கேட்கப்படும் முதல் கேள்வி இது. கறுப்பு கோட்டு, வாய்தா, குறுக்கு விசாரணை என்று சினிமா காட்டிய வக்கீல்தான் எல்லோர் மனதிலும் இருக்கிறார். ஆனால், நீதிமன்றப் படி ஏறாமல், ஆண்டு முழுவதும் ஒப்பந்தங்களை எழுதியும் திருத்தியுமே சம்பாதிக்கும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்களின் துறை வணிகச் சட்டம்.

இந்தத் துறைக்குள் எப்படி நுழைவது என்று பாடப் புத்தகம் சொல்லித் தருவதில்லை. கல்லூரியில் நடக்கும் சிறப்புரைகள், கருத்தரங்குகள், அங்கே கிடைக்கும் அறிமுகங்கள் வழியாகத்தான் பெரும்பாலும் தகவல் வந்து சேர்கிறது. வக்கீல் குடும்பத்துப் பிள்ளைக்கு இது வீட்டிலேயே கிடைத்துவிடும். குடும்பத்திலேயே முதல் வக்கீலாகப் போகிறவர் என்ன செய்வது?

வணிகச் சட்டம் என்றால் என்ன வேலை?

ஒரு உதாரணம். திருப்பூரில் உத்யம் பதிவு பெற்ற ஒரு சிறிய சாயப்பட்டறை, ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்து கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்கு அலைகிறது என்று வைத்துக்கொள்வோம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு அவகாசம் எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி.

பிரச்சினை வழக்காக மாறினால் வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015 வருகிறது. முதலில் 1 கோடி ரூபாய் மதிப்புள்ள தகராறுகளுக்கு மட்டும் என்றிருந்த வரம்பு, 2018-ல் 3 லட்சமாகக் குறைக்கப்பட்டது. அவசரத் தடை உத்தரவு தேவைப்படாத வழக்கு என்றால், தாக்கல் செய்வதற்கு முன்பே சமரசப் பேச்சுக்குப் போக வேண்டும். இது கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. கடன் வாங்கிய கம்பெனி திவாலாகும் நிலைக்குப் போனால், 2016-ம் ஆண்டின் திவால் சட்டப்படி தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் விசாரிக்கும். அதன் அமர்வு ஒன்று சென்னையிலேயே இருக்கிறது.

கம்பெனி தொடங்குவது, முதலீடு திரட்டுவது, இரண்டு நிறுவனங்களை இணைப்பது, பங்குச் சந்தையில் பட்டியலிடுவது, ஜிஎஸ்டி தகராறு, தனிநபர் தரவுப் பாதுகாப்பு என்று பட்டியல் இன்னும் நீளும்.

வேலை எங்கே கிடைக்கும்?

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சட்ட நிறுவனங்கள். இங்கே ‘அசோசியேட்’ ஆகச் சேர்ந்து படிப்படியாக ‘பார்ட்னர்’ ஆகலாம். இரண்டாவது, வங்கி, ஐ.டி. கம்பெனி, தொழிற்சாலை போன்றவற்றின் சட்டப் பிரிவு. மூன்றாவது, வணிக வழக்குகளையும் நடுவர் தீர்ப்பு விவகாரங்களையும் நடத்தும் சீனியரிடம் ஜூனியராகச் சேர்வது.

இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய பார் கவுன்சில் விதி 49-ன்படி, முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. வேலையில் சேரும்போது பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். “கம்பெனியிலயும் இருப்பேன், கோர்ட்டுக்கும் போவேன்” என்பது நடக்காது.

எல்லாமே வாய்வழித் தகவல்… ஏன்?

வழக்கறிஞர்கள் தங்கள் தொழிலுக்கு விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் விதி 36 தடை செய்கிறது. 2008-ல் வந்த திருத்தம், பெயர், முகவரி, எந்தத் துறையில் தொழில் செய்கிறார் போன்ற சில விவரங்களை மட்டும் இணையதளத்தில் போட அனுமதித்தது. மற்ற தொழில்களைப் போல “எங்களிடம் வாருங்கள்” என்று பேனர் வைக்க முடியாது. எந்த அலுவலகம் எந்த வேலையில் கெட்டி, எங்கே ஜூனியருக்குச் சொல்லித் தருவார்கள் என்பதெல்லாம் ஒருவர் சொல்லி ஒருவர் தெரிந்துகொள்வதாகவே இருக்கிறது.

பெரிய சட்ட நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்குப் பெரும்பாலும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களைத்தான் நாடுகின்றன. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அரசு சட்டக் கல்லூரிகளின் 5 ஆண்டுப் படிப்பில் பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் சேருகிறவர்கள், இன்டர்ன்ஷிப்பைப் பெரும்பாலும் தாங்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வசதி குறைந்த மாணவர்கள் முன்னணி சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர உதவுவதற்காக, சட்ட அறிஞர் ஷம்நாத் பஷீர் 2010-ல் ‘இடியா’ என்ற அமைப்பைத் தொடங்கியதும் இந்த இடைவெளியை மனதில் வைத்துத்தான்.

20 வாரக் கணக்கு

பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள்படி, 5 ஆண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரமும், 3 ஆண்டுப் படிப்பில் 12 வாரமும் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. அதாவது 5 ஆண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒன்று என 5 வாய்ப்பு, 3 ஆண்டுப் படிப்புக்கு 3 வாய்ப்பு. ஒரு முறையாவது விசாரணை நீதிமன்ற, மேல்முறையீட்டு வழக்கறிஞர்களிடம் இருந்தாக வேண்டும். மீதியை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்யத்தான் சிறப்புரைகள் கைகொடுக்கும்.

என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது?

போவதற்கு முன்: பேசப்போகிறவர் எந்தத் துறை என்று பார்த்து, அது தொடர்பான ஒரு தீர்ப்பையாவது படித்துவிட்டுப் போக வேண்டும்.

அரங்கில்: “சார், உங்க ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டால், பேச்சு “சிவி அனுப்புங்க” என்பதோடு முடிந்துவிடும். “மேடம், முதல் வருஷம் என்ன வேலை கொடுத்தாங்க? புதுசா வர்றவங்க எதுல தப்பு பண்றாங்க?” என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். கேட்டவரின் முகமும் நினைவில் நிற்கும்.

முடிந்த பிறகு: ஓரிரு நாளில் ஒரு மெயில். பெயர், கல்லூரி, ஆண்டு, உரையில் பிடித்த ஒரு விஷயம், ஒரு கேள்வி. அவ்வளவு போதும். வேலை வேண்டும் என்ற கோரிக்கையை அடுத்த மெயிலுக்கு வைத்துக்கொள்ளலாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் தொந்தரவு வேண்டாம்.

பேச வந்தவரை மட்டுமே குறி வைக்க வேண்டியதில்லை. சமீபத்தில் படித்து முடித்த அதே கல்லூரி அண்ணன், அக்காக்கள்தான் பல நேரங்களில் அதிகம் உதவுவார்கள். எந்த அலுவலகத்தில் மெயிலுக்குப் பதில் வரும், எங்கே உண்மையிலேயே வேலை தருவார்கள், எங்கே ஜெராக்ஸ் எடுக்க மட்டும் விடுவார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மேடையில் சொல்லப்படாதவை

சிறப்புரைகளில் பெரும்பாலும் வெற்றிக் கதைதான் வரும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் வாரத்தில் விடிய விடிய வேலை இருக்கும் என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள். பல இன்டர்ன்ஷிப்களில் உதவித்தொகை கிடையாது. மும்பையிலோ சென்னையிலோ ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கும் செலவை யார் கொடுப்பது என்பது பல குடும்பங்களுக்குப் பெரிய கேள்வி. அதனால், “ஸ்டைபண்ட் உண்டா?” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், பிற இடங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதையும் மாணவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று ஆங்கிலம். வணிக ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இதற்காகப் பின்வாங்கத் தேவையில்லை. பங்கு வெளியிடும் நிறுவனங்களின் ஆவணங்கள் செபி இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தினமும் இரண்டு பக்கம் படித்து, ஒரு பத்தியைச் சொந்தமாக எழுதிப் பார்த்தாலே ஓராண்டில் கை பழகிவிடும். அறிமுகம் வாசல் வரைதான் கூட்டிப் போகும். உள்ளே போனதும் ஒரு ஷரத்தைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை கல்லூரி நோட்டீஸ் போர்டில் ‘சிறப்புரை’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தால், அட்டெண்டன்ஸுக்காக மட்டும் போய்க் கடைசி வரிசையில் உட்கார வேண்டாம். ஒரு கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல், பத்து நிமிடம் இருந்து பேசிவிட்டு வாருங்கள்.