கட்டம் திறக்கவில்லை என்றால் உரிமை இல்லை என்று அர்த்தமா?

2025-இல் வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்குச் செப்டம்பர் 15 கடைசி நாள் என்று அறிவிக்கப்பட்டது. வழக்கமான ஜூலை 31-ஐ அந்த ஆண்டு தள்ளிவைத்து, மே 27 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் அப்படி அறிவித்தது. படிவங்களில் பெரிய மாற்றங்கள் செய்திருக்கிறோம், அதற்கேற்ப மென்பொருளைத் தயார் செய்ய அவகாசம் வேண்டும் என்று வாரியமே காரணமும் சொன்னது. ஆகவே இதை வரி கட்டுபவருக்குக் கிடைத்த சலுகை என்று சொல்வது சரியல்ல. திரை தயாராகாததால் வந்த தாமதம் இது. வியாபாரிகளும் பங்கு விற்றவர்களும் பயன்படுத்தும் 2, 3 எண் படிவங்களுக்கான மென்பொருளே ஜூலை இரண்டாம் வாரத்தில்தான் வந்தது.

அப்போது காஞ்சிபுரத்திலிருந்து வந்த கடிதங்களில் வரி விகிதம் பற்றிய கேள்விகள் குறைவு. பெரும்பாலானவை திரையைப் பற்றியவை. போன வருஷம் இருந்த கட்டம் இந்த வருஷம் காணோம் என்கிறார் பட்டுக்கடைக் கணக்கர். எண்ணை அடித்தால் ஏறவே மாட்டேன் என்கிறது, சாம்பல் நிறத்தில் நிற்கிறது என்கிறார் ஓய்வூதியர். கூலியில் பிடித்த 1 சதவீதம் திரும்பி வருமா, பிரவுசிங் சென்டரில் 'ஏரர்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்கிறார் பிள்ளையார்பாளையம் நெசவாளர். எல்லாக் கடிதங்களுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. திரையில் இடம் இல்லை என்றால், சட்டத்திலும் எனக்கு இடம் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. ஆனால் அந்த 'இல்லை'யை நிலைநாட்ட ஒரு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே இரவில் மாறிய முகம்

இப்போதுள்ள வருமான வரி இணையதளம் 2021 ஜூன் 7 அன்று வந்தது. 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்த தொகை சுமார் 4,242 கோடி ரூபாய். இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒப்பந்தம் பெற்றது. கணக்கைச் சரிபார்க்கும் காலம் 63 நாளிலிருந்து ஒரே நாளாகக் குறையும் என்பது அரசு சொன்ன இலக்கு.

வந்த மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், குறைகள் குவிவதாக ட்விட்டரில் வெளிப்படையாக எழுதினார். இன்ஃபோசிஸின் நந்தன் நிலேகனி அங்கேயே பதில் சொன்னார். ஜூன் 22 அன்று அமைச்சகம் இன்ஃபோசிஸுடன் கூட்டம் நடத்தியது. அதற்கு முன் பயனர்களிடம் அமைச்சகம் கருத்துக் கேட்டபோது 700-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களில் 2,000-க்கும் மேற்பட்ட குறைகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தனித்தனிக் கோளாறுகள் 90. ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் தளமே திறக்கவில்லை. 23 அன்று இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி அமைச்சகத்துக்கு அழைக்கப்பட்டார். செப்டம்பர் 15-க்குள் சரிசெய்ய வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. தாக்கல் தேதி கடைசியில் டிசம்பர் 31 வரை நகர்ந்தது.

அந்த 90 கோளாறுகளில் பெரும்பாலானவை தளம் மெதுவாக இருப்பது, ஓடிபி வராதது போன்றவைதான். எரிச்சல் தரும், ஆனால் சரியாகிவிடும். வேறு வகைக் கோளாறு ஒன்று அப்போதே தலைகாட்டியது. தாமதக் கட்டணமும் வட்டியும் தவறாகக் கணக்கிடப்பட்டு, கட்ட வேண்டியதில்லாதவர்கள் கட்டிவிட்டார்கள். ஆகஸ்ட் 1 அன்று மென்பொருளைத் திருத்திவிட்டதாக வருமான வரித் துறை அறிவித்தது. தேதி சட்டப்படி தள்ளிப்போயிருந்தது. திரை பழைய தேதியிலேயே நின்றது. பணம் கட்டியவர்கள் நம்பியது சட்டத்தை அல்ல, திரையைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 மே இறுதியில் ஐஆர்சிடிசி தன் டிக்கெட் தளத்தைப் புதுப்பித்தபோது, புதியதைச் சோதனை வடிவமாக விட்டு, பழையதையும் கூடவே ஓடவிட்டது. பயணிகளிடம் கருத்துக் கேட்டது. வருமான வரித் தளத்துக்கு அந்த நிதானம் வாய்க்கவில்லை. ஜூன் 1 முதல் 6 வரை பழையதை மூடினார்கள், ஏழாம் தேதி புதியதைத் திறந்தார்கள். திரும்பிப்போக வழி இல்லை.

2024 ஜூலை 5: ஒரு கட்டம் பூட்டப்பட்டது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 87ஏ பிரிவின்படி, புதிய வரி முறையில் 2023-24 நிதியாண்டில் மொத்த வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்தால் 25,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு. பங்கு விற்ற குறுகிய கால லாபத்துக்குத் தனி விகிதத்தில் விழும் வரிக்கும் இந்தத் தள்ளுபடி பொருந்துமா என்பதில் இரண்டு கருத்து இருந்தது. பொருந்தும் என்று படிக்கச் சட்ட வாசகத்தில் இடம் இருந்தது. ஜூலை தொடக்கம் வரை மென்பொருளும் அப்படித்தான் கணக்கிட்டது.

ஒரு ஓய்வூதியரை எடுத்துக்கொள்வோம். நிலையான கழிவு போக அவருடைய ஓய்வூதியமும் வட்டியும் 5,00,000 ரூபாய். பங்கில் குறுகிய கால லாபம் 80,000. முதலாவதற்கு வரி 10,000, லாபத்துக்கு அன்றைய 15 சதவீதப்படி 12,000, ஆக 22,000. தள்ளுபடி 25,000 வரை என்பதால் கட்ட வேண்டியது பூஜ்யம். ஜூலை 4 அன்று தாக்கல் செய்திருந்தால் திரை அப்படித்தான் காட்டியிருக்கும். ஜூலை 5 அன்று மென்பொருள் மாற்றப்பட்டது. அதற்குப் பிறகு அதே ஓய்வூதியருக்கு, அதே வருமானத்துக்கு, கூடுதல் தீர்வையும் சேர்த்து 12,480 ரூபாய்.

இடையில் நாடாளுமன்றம் எந்தத் திருத்தமும் செய்யவில்லை. நீதிமன்றம் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. மாறியது ஒரு கணக்கீட்டு விதி மட்டும். தள்ளுபடிக்கான கட்டத்தில் யாரும் கை வைக்க முடியாது. தொகையை மென்பொருளே எழுதிக்கொள்ளும். முன்னதாகத் தாக்கல் செய்தவர்களில் பலருக்கு, தள்ளுபடி செல்லாது, பாக்கியைக் கட்டு என்று நோட்டீஸும் போனது.

பட்டு நெய்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஜக்காடு தறியின் அட்டையில் துளை இருக்கும் இடத்தில்தான் இழை எழும். துளை இல்லாத இடத்தில், நெசவாளி என்ன நினைத்தாலும் அந்த இழை எழாது. வரிப் படிவத்தின் திரையும் அப்படி ஓர் அட்டைதான். துளை எங்கே இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதே கேள்வி. சேலையில் அதை முடிவு செய்பவர் டிசைன் போடுகிறவர். வரியில் அதைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றம்.

திரையில் என்ன மாறினால் என்ன, பிறகு அதிகாரியிடம் எழுதிக் கேட்டுக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் சிக்கல் இறுகுகிறது. கணக்கிலோ திருத்தக் கணக்கிலோ கேட்காத கழிவை மதிப்பீட்டு அதிகாரி தனியாகப் பரிசீலிக்க முடியாது என்று 2006-இல் கோட்ஸே இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோரிக்கை வைத்து, அது மறுக்கப்பட்டால், மறுப்பு ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். கோரிக்கையையே பதிய முடியாவிட்டால் மறுப்பு ஆணை இல்லை. ஆணை இல்லாவிட்டால் மேல்முறையீட்டுக்குப் பிடி இல்லை. பூட்டிய கட்டம் பணத்தோடு சேர்த்து, வாதாடும் வாய்ப்பையும் எடுத்துக்கொள்கிறது. என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான். அதிகாரி ஒருவர் தவறான ஆணை போட்டால் அதில் பெயரும் தேதியும் காரணமும் இருக்கும். மென்பொருளில் மாற்றப்பட்ட விதி எதிலும் கையெழுத்து இருப்பதில்லை.

மும்பையைச் சேர்ந்த சேம்பர் ஆஃப் டாக்ஸ் கன்சல்டன்ட்ஸ் அமைப்பு பொதுநல வழக்குத் தொடுத்தது. 2024 டிசம்பர் 20 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. டிசம்பர் 31-இல் முடிய வேண்டிய தாமத, திருத்தத் தாக்கல் தேதி 2025 ஜனவரி 15-க்கு நகர்ந்தது. ஜனவரி 24 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. தள்ளுபடி உண்டா இல்லையா என்பதற்குள் நீதிமன்றம் போகவில்லை; அதை அதிகாரிகளும் தீர்ப்பாயங்களும் முடிவு செய்யட்டும் என்றது. ஆனால் கோரிக்கை வைப்பதையே மென்பொருள் தடுக்கக் கூடாது, அதற்கு இடம் தரும்படி படிவ மென்பொருளை மாற்ற வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது.

2025 நிதிச் சட்டம், தனி விகித வருமானத்துக்குத் தள்ளுபடி கிடையாது என்று 2026-27 மதிப்பீட்டு ஆண்டு முதல் வெளிப்படையாக எழுதிவிட்டது. செய்ய விரும்பினால் செய்ய வேண்டிய முறை அதுதான்: சட்டத்தில் எழுதி, விவாதித்து, தேதி போட்டுச் செய்வது.

கருத்துச் சொல்ல ஒரு பொத்தான்

2021 நவம்பரில் வந்த ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் வேறு மாதிரி ஏற்பாடு இருக்கிறது. வங்கியும் பதிவுத் துறையும் பங்குச் சந்தையும் உங்களைப் பற்றித் தந்த ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில், 'சரி', 'முழுதும் சரியில்லை', 'வேறு பான் எண்ணுக்கு உரியது', 'இரட்டைப் பதிவு', 'மறுக்கிறேன்' என்று பதில் தர இடம் உண்டு. நல்ல வடிவமைப்பு. திரையில் பேச இடம் கொடுப்பது எப்படி என்பதற்கு இதுவே உதாரணம்.

ஆனால் 'கருத்து பெறப்பட்டது' என்று வருவதைத் 'திருத்தப்பட்டது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மறுத்ததும், தகவல் தந்த வங்கியையோ நிறுவனத்தையோ துறை கேட்கலாம். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அந்தத் தகவல் மாறும். கேட்டார்களா, என்ன பதில் என்பதைக் காட்டும் வசதி 2024 மே மாதம்தான் சேர்ந்தது. அண்ணன் தம்பி கூட்டாக வைத்த கணக்கின் வட்டி முழுதும் ஒருவர் பான் எண்ணில் ஏறியிருந்தால், இப்போதே மறுப்பைப் பதியுங்கள். பதிந்த தேதி உங்களுக்குச் சாட்சி.

கூலி நெசவாளருக்கு

பாவும் ஜரிகையும் தந்து கூலிக்கு நெய்யச் சொல்லும் நிறுவனம், ஒரே தவணையில் 30,000-க்கு மேலோ ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேலோ கொடுத்தால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள்ளேயே இருந்தாலும், பிடித்த பணம் திரும்ப வர ஒரே வழி கணக்குத் தாக்கல்தான். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் என்றாலும் அது நெசவாளரின் உழைப்பு. 'ஏரர்' என்று திருப்பி அனுப்பினால், எந்த இடத்தில், என்ன வாசகம் வந்தது என்று கேட்டு, திரையைப் படம் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் உள்ள தொகையும் படிவத்தில் எழுதிய தொகையும் பொருந்தாததுதான் காரணமாக இருக்கும். கூலி கொடுத்தவர் டிடிஎஸ் கணக்கில் உங்கள் பான் எண்ணைச் சரியாக எழுதினாரா என்பதையும் கேளுங்கள்.

என்ன மாற வேண்டும்

தாக்கல் காலம் தொடங்கிய பின் கணக்கீட்டு விதியை மாற்றுவதாக இருந்தால், தேதியும் சட்டப் பிரிவும் போட்டு, எல்லோரும் படிக்கும் மொழியில் வெளியிட வேண்டும். மென்பொருளுக்கு உடன்பாடு இல்லாத கோரிக்கையையும் எழுத ஓர் இடம் வேண்டும். மறுப்பது பிறகு ஆணை மூலம் நடக்கட்டும். புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று மூடும் உரிமை புகார் கொடுத்தவரின் சம்மதத்தோடு இருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் 4,000 கோடி ரூபாய் தேவையில்லை.

மற்ற கேள்விகள்

*கடைசித் தேதி தவறினால்?* டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம்; தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000; வரி பாக்கி இருந்தால் மாதம் 1 சதவீதம் வட்டியும் உண்டு.

*தணிக்கை உள்ள கடைக்கும் இதே தேதியா?* இல்லை, கணக்குத் தாக்கலுக்கு வழக்கமாக அக்டோபர் 31.

*வியாபார வருமானம் உள்ளவர் பழைய வரி முறைக்குப் போகலாமா?* போகலாம், 10-ஐஇஏ படிவத்தைக் கடைசித் தேதிக்குள் தர வேண்டும், பிறகு இடமில்லை.

*80சி கழிவுக்கு பாலிசி எண் வரை கேட்கிறதே?* 2025 படிவங்களில் அப்படித்தான். ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

*பங்கு லாபத்தை 2025-இல் ஏன் இரண்டாகப் பிரிக்கச் சொன்னது?* 2024 ஜூலை 23 முதல் வரி விகிதம் மாறியது. அதற்கு முன் விற்றது, பின் விற்றது என்று தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது.

*ஆதாருடன் இணைக்காத பான் எண்ணில் ரீஃபண்ட் வருமா?* வராது.

*அனுப்பிவிட்டேன், முடிந்ததா?* 30 நாளுக்குள் மின்சரிபார்ப்புச் செய்தால்தான் முடிந்தது.

*ஆடிட்டர் கோரிக்கை வைக்கலாம் என்கிறார், நோட்டீஸ் வருமோ என்று பயமாக இருக்கிறது?* சட்டத்தில் ஆதாரம் இருந்தால் வையுங்கள். நோட்டீஸுக்குப் பதில் சொல்லலாம், மேல்முறையீடும் செய்யலாம், வைக்காத கோரிக்கைக்கு எதுவும் செய்ய முடியாது.