மின்விசிறி பேயாய்ச் சுழன்றால் மெயினை அணையுங்கள்!

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வரிசையில் எட்டு வீடுகள். ஒரு மழை இரவில் எங்கள் வீட்டு மின்விசிறி திடீரென்று பேயாய்ச் சுழன்றது. எதிர் வீட்டிலோ விசிறி சோர்ந்து நின்றது. "இடி விழுந்துவிட்டதா?" என்று கேட்பதற்குள் டி.வி.யிலிருந்து புகை! அந்த மாதம் சீட்டுப் பணம் கட்ட முடியவில்லை.

இடி விழவில்லை. கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தது.

கம்பத்தில் வருவது மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். ஒரு ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தால் 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு ஃபேஸில் உள்ள வீடுகள் ஒரே சங்கிலியாகி அந்த 400-ஐப் பங்கு போடுகின்றன. ஹீட்டர் ஓடும் வீட்டுக்குக் குறைந்த பங்கு. ஒரு விசிறியும் டி.வி.யும் மட்டும் உள்ள ஏழை வீட்டின் தலையில் 300, 350 வோல்ட் கூட இறங்கும்!

"எம்.சி.பி. இருக்கிறதே" என்பார்கள். அது மின்னோட்டம் மிஞ்சினால்தான் விழும். வோல்டேஜ் ஏறியதை அறியாது. அதற்கென்று வோல்டேஜ் மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி தனியாகக் கிடைக்கிறது. மெயின் போர்டில் லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்தலாம்.

பீன்யாவில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை; அது தப்பிவிடும். மாட்டிக் கொள்வது ஆபீஸ் கம்ப்யூட்டரும் விளக்குகளும்தான். மின்னலாலும் பெரிய மோட்டாரை நிறுத்துவதாலும் வரும் கண நேர அதிர்வு வேறு வகை. அதற்கு சர்ஜ் அரெஸ்டரும் நல்ல எர்த்தும் வேண்டும்.

சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போயிற்று. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் நம்மவர் ஏராளம். 1905-ல் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது. மின்சாரத்தோடு இத்தனை காலம் பழகியும், அது மிரளும்போது அடையாளம் காண நாம் கற்கவில்லை.

ஒரு வீட்டில் விசிறி பறந்து, அடுத்த வீட்டில் மங்கினால் யோசிக்காதீர்கள். உடனே மெயினை அணையுங்கள். பக்கத்து வீடுகளுக்கும் குரல் கொடுங்கள். பிறகு பெஸ்காமின் 1912-க்குப் போன் செய்யுங்கள். எர்த் கம்பியை நியூட்ரலாக்கும் கைவைத்தியம் மட்டும் வேண்டாம். தொடும் பிரிட்ஜே ஆளைக் கொல்லும்.

டி.வி. போனால் வாங்கலாம். உயிர் போனால்?