கிளாம்பாக்கம் முதல் பல்லாவரம் வரை: ஜேசிபி வருவதற்கு முன் ஊர் வரலாற்றை எழுதி வைப்பது யார்?

பொங்கலுக்கு ஊருக்குப் போக கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்திருப்பீர்கள். 88.52 ஏக்கரில், 393.74 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டு, 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட முனையம் அது. எந்த பிளாட்பாரம், எங்கே ஏடிஎம் என்று தேடும் அவசரத்தில் ஒரு விஷயம் கண்ணில் படாது. பக்கத்திலேயே 2,000 ஆண்டுகளுக்கும் பழைய ஒரு இடுகாடு இருக்கிறது. பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ள இடம் என்று இந்தியத் தொல்லியல் துறை (ஏஎஸ்ஐ) அதைப் பாதுகாத்து வருகிறது. முனையத்தைத் திட்டமிட்டபோது அதற்கென இடம் விட்டுத்தான் கட்ட வேண்டியிருந்தது.

இது கிளாம்பாக்கத்துக்கு மட்டும் உள்ள சிறப்பு இல்லை. வண்டலூரைச் சுற்றி, தாம்பரம், பல்லாவரம் வரை சிறு குன்றுகள், அடிவாரத்தில் செம்மண் மேடு, கீழே ஏரி என்றுதான் நிலம் அமைந்திருக்கிறது. இரும்புக் காலத்து மக்கள் தங்கள் இறந்தோரைப் புதைக்க இப்படிப்பட்ட இடங்களையே தேர்ந்தெடுத்தார்கள். இன்று பிளாட் போடுபவர்கள் தேடுவதும் இதே மேட்டு நிலத்தைத்தான். வெள்ளம் வராதே! பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தியாவின் முதல் கற்கோடரி

சென்னைக்கு வயது என்ன என்று கேட்டால் 1639 என்று சொல்லி விடுவோம். அந்த ஆண்டின் ஆகஸ்ட் 22-ஐ வைத்து 2004 முதல் ‘மெட்ராஸ் டே’ கொண்டாடப்படுகிறது. மரபு நடை, பழைய போட்டோ கண்காட்சி என்று நன்றாகவே நடக்கிறது. ஆனால் பேச்சு பெரும்பாலும் கோட்டை, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பக்கமே சுற்றும். மின்சார ரயிலில் தெற்கே வந்தால் கணக்கே வேறு.

1863 மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் ராணுவ அணிவகுப்பு மைதானம் அருகே சரளைக்காகத் தோண்டிய ஒரு குழியில் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் அவரும் வில்லியம் கிங்கும் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று சாந்தி பப்பு தலைமையிலான குழு 2011-ல் அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது, ஃபூட் அங்கே அகழாய்வு எதுவும் செய்யவில்லை. யாரோ தோண்டி வைத்திருந்த குழியை எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். நம் புறநகரில் இன்று அஸ்திவாரத்துக்கும் சம்ப்புக்கும் தினமும் எத்தனை குழி தோண்டுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எட்டிப் பார்க்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உள்ளூர் குழு என்ன செய்யும்?

தமிழ்நாட்டில் பல ஊர்களில் அப்படி எட்டிப் பார்க்கும் ஆட்கள் சேர்ந்து குழுவாக இயங்குகிறார்கள். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், டாக்டர்கள் என்று எல்லாத் தரப்பிலும் இருக்கிறார்கள். திருச்சியில் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தை நடத்தும் இரா. கலைக்கோவன் தொழிலால் ஒரு கண் மருத்துவர். அந்த மையம் பல கோயில்களில் அதுவரை யாரும் படிக்காத கல்வெட்டுகளைப் படித்து அச்சில் கொண்டுவந்திருக்கிறது.

புதுக்கோட்டை இன்னொரு உதாரணம். அங்குள்ள தொல்லியல் ஆய்வுக் கழகம், பொற்பனைக்கோட்டையில் அகழாய்வு நடத்த வேண்டும் என்று விடாமல் கேட்டது, நீதிமன்றம் வரை போனது. 2021-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியது. 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறையே இறங்கியது.

கீழடி கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வட்டாரத்தில் வேலை பார்த்த ஒரு பள்ளி வரலாற்று ஆசிரியர், மாணவர்கள் கொண்டுவந்த பழம்பொருட்களை 1970-களிலேயே பத்திரப்படுத்தி அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். ஏஎஸ்ஐ அகழாய்வு தொடங்கியது 2014-15-ல். இடையில் கிட்டத்தட்ட 40 வருடம். பொறுமை வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம் போல!

களத்தில் செய்வது ரொம்ப எளிமையான வேலைகள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஏரிக்கரையிலோ மலையடிவாரத்திலோ நடப்பார்கள். வட்டமாக நட்ட கற்கள் (கல்வட்டம்), பலகைக் கற்களால் மண்ணுக்குள் பெட்டி போல அமைத்த கல்பதுக்கை, உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடு, தாழியின் தடித்த விளிம்பு ஆகியவற்றைத் தேடுவார்கள். பார்த்ததும் அளவுகோல் வைத்து போட்டோ, ஜிபிஎஸ், கிராமத்தின் பெயர், சர்வே எண், தேதி என்று குறித்துக்கொள்வார்கள். எதையும் தோண்டக் கூடாது, எடுத்துப் போகவும் கூடாது. அனுமதி இல்லாமல் தோண்டுவது சட்டப்படி தவறு.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சர்வே எண். ‘எங்க ஊர் பழமையானது’ என்று ஃபேஸ்புக்கில் நூறு பேர் எழுதலாம், அதை வைத்து எந்த அதிகாரியும் ஒரு ஃபைலைத் திறக்க முடியாது. சர்வே எண் இருந்தால் மனு கொடுக்கலாம்.

கல்வெட்டு என்றால் மைப்படி எடுப்பார்கள். கல்லைத் தண்ணீரால் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினால் எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கும். மேலே மை ஒற்றினால் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். இதற்குப் பயிற்சி தேவை. நீங்களாக மைதா மாவு, சாக்பீஸ், விபூதி தடவிப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்து போட்டோ எடுத்தாலே பெரும்பாலும் எழுத்து தெளிவாகத் தெரியும்.

கண்டுபிடித்ததை எங்கே வெளியிடுவது? தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் ‘ஆவணம்’ என்ற ஆண்டிதழைக் கொண்டுவருகிறது. பேராசிரியர்களின் கட்டுரையோடு ஊர்க் குழுக்களின் கண்டுபிடிப்பும் அதில் வரும். செய்தித்தாளில் வந்த துணுக்கு மறந்து போகலாம். ‘ஆவணம்’ இதழில் வந்த கல்வெட்டுப் பாடத்தை இன்னொரு ஆய்வாளர் பத்து வருடம் கழித்தும் எடுத்துப் பயன்படுத்துவார்.

அச்சில் ஏறுவதால் என்ன ஆகும் என்பதற்கு வண்டலூர் பக்கமே ஒரு சாட்சி உண்டு. போலீஸ் அகாடமி இருக்கும் ஊனமாஞ்சேரியின் பெயரில் ஒரு செப்பேடு அறியப்படுகிறது. விஜயநகர அரசர் அச்சுதராயர் சக ஆண்டு 1462-ல், அதாவது கி.பி. 1540 வாக்கில் கொடுத்தது. ‘எபிகிராபியா இண்டிகா’வின் மூன்றாம் தொகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பதிப்பித்துவிட்டார்கள். அதனால்தான் இன்று கேட்டட் கம்யூனிட்டி விளம்பரங்களில் வரும் ஒரு ஊரின் 480 வருடத்துக்கு முந்தைய செய்தி நம் கைக்குக் கிடைக்கிறது.

அப்போ வீடு கட்ட முடியாதா?

இந்தப் பேச்சை எடுத்தாலே பல்லாவரம் பக்கம் சிலருக்குக் கோபம் வரும். அதில் நியாயமும் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டு நினைவுச்சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் திருத்தம் வந்தது. ஏஎஸ்ஐ பாதுகாக்கும் இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கிக் கட்டலாம். அனுமதி தருவது தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம். 100 மீட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கவும் அனுமதி தேவை.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு இது சரி. எல்லோருக்கும் கோயில் எங்கே என்று தெரியும். ஈமச்சின்னம் அப்படியா? நான்கு கற்கள், கொஞ்சம் புதர், ஒரு நீலப் போர்டு. லோன் போட்டு இடம் வாங்கியவருக்கு அது தெரிய வருவதே பிளான் அப்ரூவலுக்குப் போகும்போதுதான். வீடு கட்ட முடியாதவர் அந்தக் கற்களை எதிரியாகத்தானே பார்ப்பார்? எது உண்மையான எல்லை, எந்தச் சர்வே எண்ணில் இன்னும் ஈமச்சின்னம் இருக்கிறது, எதில் அழிந்துவிட்டது என்ற பட்டியலை ஊர்க் குழு ஒன்று தயாரித்துக் கொடுத்தால் கற்களுக்கும் பாதுகாப்பு, இடம் வாங்குபவருக்கும் முன்கூட்டியே தகவல்.

குழி தோண்டும்போது ஏதாவது கிடைத்தால்?

1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் விஏஓ அல்லது தாசில்தார் வழியாகத் தகவல் போகும். தாழியை வெளியே இழுக்காமல், கிடந்த இடத்திலேயே விட்டு போட்டோ எடுத்துச் சொல்வது நல்லது. இடத்தை விட்டு நகர்த்திய பானையிலிருந்து ஆய்வாளர்களுக்குப் பாதித் தகவல்கூடக் கிடைக்காது.

இனிமேல் என்ன கிடைக்கப் போகிறது என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் ஏஎஸ்ஐ 2022-ல்தான் தோண்டியது. இடைக் கற்காலக் கருவிகளும் தங்க ஆபரணங்களும் வந்தன.

வார இறுதியில் தொடங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு தாம்பரம் கிழக்கே மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் வசதி. சோழர் காலக் கட்டடம். கருவறையின் பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். சுவரில் கல்வெட்டுகள் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கல்வெட்டு எழுத்துகளைப் படிக்கக் கற்றுத்தரும் நூல்கள் இலவசம். போனில் இறக்கிக்கொண்டு காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால், முதல் நாளிலேயே நான்கைந்து எழுத்து பிடிபட்டுவிடும்.